கின்டர்லேர்ந்து 8வது வரைக்கும் ஸ்பானிஷ் எடுக்கணும், எப்படி ஆரம்பிக்கலாம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

ஸ்பானிஷ் மிஸ், டாலஸ் பக்கம்:

எல்லாருக்கும் வணக்கம். டெல்லில ஸ்பானிஷ் எம்ஏ முடிச்சிட்டு இவ்வளவு நாளும் பெரியவங்களுக்கு ஆன்லைன்ல கிளாஸ் எடுத்துட்டு இருந்தேன், இப்ப இங்க ஒரு சின்ன பிரைவேட் ஸ்கூல்ல ஸ்பானிஷ் டீச்சர் வேலை கிடைச்சிருக்கு, ஆகஸ்ட்ல சேரணும். ரொம்ப சந்தோஷம்தான், ஆனா கின்டர்கார்டன்லேர்ந்து 8வது வரைக்கும் மொத்த ஸ்கூலுக்கும் ஸ்பானிஷுக்கு நான் ஒருத்திதான்னு நினைக்கும்போது வயித்தக் கலக்குது.

டைம்டேபிள் இப்படி இருக்கு. கின்டர்லேர்ந்து 5வது வரைக்கும் ஆர்ட், மியூசிக், பிஇ மாதிரி ஸ்பெஷல்ஸ்ல ஸ்பானிஷும் ஒண்ணு, வாரத்துல ரெண்டு நாள், ஒரு கிளாஸ் 30 நிமிஷம், எனக்குன்னு ரூம் கிடையாது, ஒரு தள்ளுவண்டில சாமானெல்லாம் அடுக்கிட்டு ஒவ்வொரு கிளாஸா போகணும். 6, 7, 8க்கு தினமும் 45 நிமிஷம், அதுக்கு ரூம் உண்டு. 8வது முடிக்கும்போது ஹைஸ்கூல் ஸ்பானிஷ் 1 முடிச்ச அளவுக்கு வந்திருக்கணும்னு பிரின்சிபல் சொல்லிட்டாங்க.

முன்னாடி இருந்த டீச்சர் ஒரு பெரிய பைண்டர் விட்டுட்டுப் போயிருக்காங்க. ஒவ்வொரு கிரேடுக்கும் நிறம், நம்பர், மாசம், மிருகம், பழம், கலர் அடிக்க வொர்க்‌ஷீட். அடுத்த வருஷமும் அதே நிறம் அதே நம்பர், கொஞ்சம் கூட. மே மாசம் ஒரு நாள் போய் உக்காந்து பாத்தேன், 5வது பசங்க 100 வரைக்கும் தடதடன்னு எண்றாங்க, ஆனா பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணுகிட்ட "கே கியேரெஸ்"னு, உனக்கு என்ன வேணும்னு கேட்டா என் முகத்தையே பாக்குறா.

கிளாஸ்ல எல்லா விதமான பசங்களும் இருக்காங்க. வீட்ல ஸ்பானிஷ் பேசுற மெக்ஸிகோ, எல் சால்வடோர் குடும்பத்துப் பசங்க, நம்ம தமிழ், தெலுங்குப் பசங்க நிறைய, ஸ்பானிஷே காதுல விழாத பசங்களும் உண்டு. சின்னதுங்க கிட்ட முழுக்க ஸ்பானிஷ்லயே பேசிடலாமா இல்ல இங்கிலீஷ் கலக்கணுமா? கிராமர் எந்த கிரேடுல தொடங்குறது? ஏற்கனவே பேசத் தெரிஞ்ச பசங்கள என்ன பண்றது? மிடில் ஸ்கூல் பசங்க வாயே திறக்க மாட்டேங்குறாங்கன்னு வேற சொல்றாங்க. எடுத்த அனுபவம் இருந்தா கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

ஹூஸ்டன் டீச்சர்:

வாழ்த்துகள் மா. நான் எலிமென்டரில பல வருஷமா ஸ்பானிஷ் எடுக்கறேன், தள்ளுவண்டியும் தள்ளியிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

அந்த பைண்டர்ல படங்கள மட்டும் எடுத்துக்கோங்க, பாடத்திட்டமா அதை வெச்சுக்காதீங்க. நிறம், பழம்னு பட்டியல் பட்டியலா குடுத்தா பசங்ககிட்ட பெயர்ச்சொல் மட்டும் குவியும், வினைச்சொல் ஒண்ணும் இருக்காது, வினை இல்லாம ஒரு வாக்கியம் எப்படி வரும்? 100 வரைக்கும் எண்ற பொண்ணு "எனக்கு இது வேணும்"னு சொல்ல முடியாம நிக்கிறது அதனாலதான். அந்தப் புள்ளைய குத்தம் சொல்லவே கூடாது, அவளுக்கு யாரும் அதைக் குடுக்கல.

முதல்ல நேரத்தக் கணக்கு போட்டுப் பாருங்க. வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஸ்கூல் வருஷம் சுமாரா 36 வாரம், ஆக 36 மணி நேரம். கின்டர்லேர்ந்து 5வது முடிய 6 வருஷத்துக்கு மொத்தமே 216 மணி. அமெரிக்க வெளியுறவுத் துறை தன்னோட அதிகாரிகள வேலைக்குத் தேவையான அளவு ஸ்பானிஷ் பேச வைக்க 600லேர்ந்து 750 மணி நேர கிளாஸ் ஆகும்னு கணக்கு வெச்சிருக்கு, அதுவும் படிச்ச பெரியவங்க, வீட்ல படிக்கிறது தனி. அதனால வாரம் ரெண்டு கிளாஸ்ல 5வது முடிக்கும்போது சரளமா பேசுவாங்கன்னு நீங்களும் நினைக்காதீங்க, பேரன்ட்ஸ் கிட்டயும் வாக்கு குடுத்துடாதீங்க. ஆனா அந்த 216 மணியும் அவங்களுக்குப் புரியிற ஸ்பானிஷா இருந்துச்சுன்னா, காது நல்லா திறந்து, பயம் போய், சின்னச் சின்ன வாக்கியமா சொந்தமா பேசுற பசங்க 6வதுக்குப் போவாங்க. அது பெரிய விஷயம் மா, அதுக்காகத்தான் இந்த வேலையே.

இங்கிலீஷ் கலக்கறதப் பத்தி கேட்டீங்க. ஆக்ட்ஃபுல்னு இங்க மொழி டீச்சர்களுக்கு ஒரு அமைப்பு இருக்கு, கிளாஸ் நேரத்துல 90 சதவீதத்துக்குக் குறையாம அந்த மொழிலயே இருக்கணும்னு அவங்க 2010லேர்ந்து சொல்றாங்க. நான் அதுக்கு முழு ஆதரவு, ஆனா அதுக்கு அர்த்தம் வேகமா ஸ்பானிஷ்ல பேசிட்டே போறது இல்ல. புரியலேன்னா அது 90 சதவீத இரைச்சல். மெதுவா, கையக் காலை ஆட்டி, படம் வரைஞ்சு, ஒரே வாக்கியத்த பத்து விதமா கேட்டு, ஒவ்வொருத்தர் கண்ணையும் பாத்துப் பேசணும். மொழி எப்படி வருதுன்னு ஆராய்ஞ்ச க்ராஷென் 80கள்லயே சொன்னது இதுதானே, புரியிற மொழி காதுல விழுந்தாத்தான் மொழி உள்ள போகும்னு.

கின்டர், 1, 2க்கு முதல் மாசம் முழுக்க உடம்ப வெச்சே ஓட்டிடலாம். லெவாந்தென்சே, சியேந்தென்சே, சால்தென், தோக்கென் லா புவெர்த்தா, அதாவது எழுந்திருங்க, உக்காருங்க, குதிங்க, கதவத் தொடுங்கன்னு நீங்க சொல்லிட்டே செய்ய, அவங்க பாத்துச் செய்வாங்க. அப்புறம் நீங்க செய்யாம சொல்லுங்க, அப்புறம் புதுசா கோத்துச் சொல்லுங்க, "மூணு தடவ குதிச்சிட்டு மெதுவா நடந்து போய் சிவப்பு நாற்காலியத் தொடு"ன்னு ஸ்பானிஷ்ல சொன்னா அஞ்சு வயசுக் குழந்தை அப்படியே செய்யும். இது சான் ஹோசேல இருந்த ஜேம்ஸ் ஆஷர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 60கள்ல கொண்டு வந்த முறை, டிபிஆர்னு சொல்வாங்க. இதுல வாயத் திறந்து பேசணும்னு கட்டாயமே இல்ல, அதுதான் இதோட அழகு. கேட்டுப் புரிஞ்சா போதும், பேச்சு தானா வரும், சில குழந்தைக்கு ரெண்டு வாரத்துல, சிலதுக்கு ஆறு மாசத்துல.

3வதுலேர்ந்து கதை. ஏழே ஏழு வினையப் புடிச்சுக்கோங்க: எஸ், எஸ்தா, ஆய், தியேனே, கியேரே, வா, லே குஸ்தா. இருக்கு, வெச்சிருக்கு, வேணும், போகுது, பிடிக்கும், இவ்வளவுதான். இந்த ஏழ வெச்சு ஒரு வருஷம் முழுக்க கதை சொல்லலாம். கிளாஸ்ல எப்படி நடக்கும்னு சொல்றேன். போர்டுல ஒரு யானை வரைவேன். "ஆய் ஊன் எலெஃபாந்தே." யானை இருக்குன்னு எல்லாருக்கும் தெரியுது. "எல் எலெஃபாந்தே கியேரே ஊனா பீட்சா." இப்ப கேள்வி. யானைக்கு பீட்சா வேணுமா? சீ! பீட்சா வேணுமா டாக்கோ வேணுமா? பீட்சா! யானைக்கு ஷூ வேணுமா? நோ! ஒரே கத்தல். யாருக்கு பீட்சா வேணும்? யானைக்கு. யானைக்கு என்ன வேணும்? பீட்சா. நான் ஒரு நிமிஷத்துல "கியேரே"வ பத்துப் பதினஞ்சு தடவ சொல்லிட்டேன், அவங்க யாருக்கும் இது டிரில்னே தெரியாது. அப்புறம் அவங்ககிட்டயே கேப்பேன், எந்த ஊர் யானை, அதுக்கு என்ன பேரு, காசு இருக்கா இல்லையா. ஒரு பையன் கடைசில "நோ தியேனே தினேரோ", அதுகிட்ட காசு இல்லன்னு சொந்தமா சொன்னான் பாருங்க, எங்கயும் மனப்பாடம் பண்ணல. கலிஃபோர்னியால பிளேன் ரேன்னு ஒரு ஸ்பானிஷ் வாத்தியார் ஆஷரோட முறையிலேர்ந்து வளத்தெடுத்தது இது, டிபிஆர்எஸ்னு தேடினா நிறைய வீடியோ கிடைக்கும்.

கிராமர்னு தலைப்பு போட்டு 5வது வரைக்கும் எதுவும் எடுக்காதீங்க. கதைல "கியேரோ", "கியேரே" ரெண்டும் வரும்போது "ஓ-ல முடிஞ்சா நான், ஏ-ல முடிஞ்சா அவன்"னு பத்து செகண்ட் சொல்லிட்டு கதைக்குத் திரும்பிடுங்க, அது போதும்.

வீட்ல ஸ்பானிஷ் பேசுற பசங்களப் பத்தி ஒண்ணே ஒண்ணு. அவங்கள உங்க அசிஸ்டென்டா ஆக்கி எப்பவும் மொழிபெயர்க்க வைக்காதீங்க, அவங்களும் படிக்க வந்த குழந்தைங்கதான். அவங்களுக்கு பேச்சு இருக்கும், எழுத்து இருக்காது. ஸ்பானிஷ்ல எச் ஒலிக்காது, பி-யும் வி-யும் ஒரே சத்தம், அதனால "ஓலா"வ எச் இல்லாம எழுதுவாங்க, "போறேன்"னு எழுத வேண்டிய "வோய்"ய பி போட்டு எழுதுவாங்க. அவங்களுக்கு அவங்க லெவலுக்கு ஏத்த ஸ்பானிஷ் புத்தகம் தனியா குடுங்க, கதைய எழுதி வைக்கிற வேலைய அவங்களுக்குக் குடுங்க. அப்புறம் அவங்க வீட்ல பேசுற சொல்ல "தப்பு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. "நீ"ங்கறதுக்கு எல் சால்வடோர் குழந்தை வீட்ல "வோஸ்"னு சொல்லும், புஸ்தகத்துல "தூ"ன்னு இருக்கும். ரெண்டும் ஸ்பானிஷ்தான், 20 நாட்டுல ஆட்சி மொழியா இருக்கற மொழி, ஒரே மாதிரி எப்படி இருக்கும்?

ரெண்டு பசங்க அப்பா:

நான் டீச்சர் இல்ல, பேரன்டா சொல்றேன். நாங்க யூட்டால இருக்கோம், ரெண்டு பேருமே ஸ்பானிஷ் இம்மர்ஷன்ல படிக்கிறாங்க. இங்க 2008ல சட்டமே போட்டு ஆரம்பிச்சாங்க, பாதி நாள் ஒரு டீச்சர்கிட்ட இங்கிலீஷ், பாதி நாள் இன்னொரு டீச்சர்கிட்ட ஸ்பானிஷ். கணக்கு, சயின்ஸ்னு பாடமே ஸ்பானிஷ்ல போறதால மொழிய தனியா ஒரு சப்ஜெக்டா படிக்கிற உணர்வே வரல. ஹூஸ்டன் டீச்சர் போட்ட கணக்க இங்க போட்டுப் பாருங்க, ஒரு நாளைக்கு 3 மணி நேரம்னு வெச்சா ஒரே வருஷத்துல 500 மணியத் தாண்டிடும். என் பெரியவ 4வதுல ஸ்பானிஷ்ல பின்னம் கணக்கு விளக்கறா, அப்பா அம்மா எங்க ரெண்டு பேர்ல யாருக்கும் ஒரு வார்த்தை ஸ்பானிஷ் தெரியாது.

அதனால என்ன கேட்டா சின்ன வயசுலயே ஆரம்பிக்கணும், சீக்கிரம் தொடங்கினாத்தான் மொழி ஒட்டும். இங்கிலீஷ் பின்தங்கிடும்னு நம்மாளுங்க பலர் பயந்து சேக்கவே மாட்டேங்குறாங்க, எங்க வீட்ல அப்படி எதுவும் ஆகல. மியாமில கோரல் வே ஸ்கூல்ல 1963லயே க்யூபாலேர்ந்து வந்த பசங்களையும் உள்ளூர் பசங்களையும் ஒண்ணா உக்கார வெச்சு ரெண்டு மொழில நடத்தியிருக்காங்க, இது ஒண்ணும் புது பரிசோதனை இல்ல. ஒரே விஷயம், வீட்ல தமிழ விட்டுடாதீங்க. ஸ்கூல்ல ரெண்டு மொழி ஓடுது, சாப்பாட்டு நேரமாவது தமிழுக்கு இருக்கட்டும்.

மிடில் ஸ்கூல் வாத்தியார், கலிஃபோர்னியா:

அப்பா சொல்றத பாதி ஒத்துக்கறேன். உங்க பசங்களுக்கு மொழி வந்தது சீக்கிரம் ஆரம்பிச்சதால மட்டும் இல்ல, வருஷத்துக்கு 500 மணி கிடைச்சதால. பார்சிலோனால ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க, 8 வயசுல இங்கிலீஷ் ஆரம்பிச்ச பசங்களையும் 11 வயசுல ஆரம்பிச்ச பசங்களையும் ஒரே அளவு கிளாஸ் நேரம் முடிஞ்சதும் ஒப்பிட்டுப் பாத்தா, லேட்டா ஆரம்பிச்சவங்கதான் முன்னாடி இருந்தாங்க. வயசு ஏற ஏற படிக்கிற திறமை கூடுது, யோசிச்சுப் பாத்தா ஆச்சரியம் இல்ல. சின்ன வயசோட பலம் நாள் முழுக்க மொழி காதுல விழும்போதுதான் வெளிய வருது, வாரம் ஒரு மணி நேரத்துல அது வராது.

மிஸ், உங்க நிலைமைக்கு இத பொருத்திப் பாருங்க. தினம் 45 நிமிஷம், 180 நாள், ஒரு வருஷத்துக்கு 135 மணி. எலிமென்டரில நாலு வருஷத்துக்கு வந்ததுக்கு அது சமம். 6, 7, 8 சேத்தா 400 மணி. அதனால உங்க சக்தில பெரும் பங்கு மிடில் ஸ்கூலுக்குப் போகட்டும்னு நான் சொல்வேன். நீங்க ஒருத்தரே எல்லா கிரேடும் எடுக்கறது பாரமா தெரியும், ஆனா அதுல ஒரு பெரிய வரம் இருக்கு. இங்க எங்க ஊர்ல எலிமென்டரில ஆறு வருஷம் ஸ்பானிஷ் படிச்ச பையன் 6வதுக்கு வந்ததும் அவனை மறுபடி "ஓலா, மே யாமோ", அதாவது "வணக்கம், என் பேரு"லேர்ந்து உக்கார வைக்கிறாங்க, ஏன்னா அங்க என்ன படிச்சான்னு இங்க யாருக்கும் தெரியாது, பல ஸ்கூல்லேர்ந்து பசங்க வர்றாங்க, புதுசா வர்ற பையனும் பக்கத்துல உக்காந்திருப்பான். ஒரு மாசத்துலயே அவனுக்கு வெறுத்துப் போயிடுது. நல்லா படிக்கிற புள்ளைங்க இப்படி கண்ணு முன்னாடி ஆர்வம் செத்துப் போறத வருஷா வருஷம் பாக்குறேன், மனசு ஆறல. உங்க ஸ்கூல்ல இது நடக்க வேண்டிய அவசியமே இல்ல, 5வதும் உங்ககிட்ட, 6வதும் உங்ககிட்ட. 5வது முடிவுல ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு பக்கம் எழுதி வையுங்க, "என்னால என் குடும்பத்தப் பத்தி மூணு நாலு வாக்கியம் சொல்ல முடியும்", "தெரிஞ்ச கதைய படிச்சுப் புரிஞ்சுக்க முடியும்"னு. ஆக்ட்ஃபுல்லோட கேன்-டூ வாக்கியங்கள் இதுக்குன்னே இருக்கு. 6வது முதல் நாள் அந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க.

வாயத் திறக்க மாட்டேங்குறாங்கன்னு சொன்னீங்களே, 12, 13 வயசுல தப்பாப் பேசி நாலு பேர் முன்னாடி சிரிப்பா ஆகறத விட பேசாம இருக்கறதே மேல்னு புள்ளைங்களுக்குத் தோணும், அது இயல்பு. தனியா எழுப்பி நிக்க வெச்சு கேக்கவே கேக்காதீங்க. முதல்ல எல்லாரும் சேந்து பதில், அப்புறம் பக்கத்துல உள்ளவங்ககிட்ட மட்டும், அப்புறம் நாலு பேர் குழுவுல. தப்பை அங்கேயே நிறுத்தித் திருத்தாதீங்க, அவன் "நான் வெச்சிருக்கான்"ங்கற மாதிரி "யோ தியேனே"ன்னு தப்பா சொன்னா "ஆ, நீ நாய் தியேனெஸ்ஸா? நானும் தெங்கோ ஊன் பெர்ரோ"ன்னு சரியான வடிவத்த உங்க வாயால திருப்பிக் குடுங்க, அவன் காதுல விழுந்தா போதும்.

இந்த வயசுல ரொம்ப வேலை செய்யறது வாசிப்பு. கொஞ்ச சொற்கள்லயே எழுதின குட்டி நாவல்கள் ஸ்பானிஷ் கத்துக்கறவங்களுக்குன்னு நிறைய வருது, வாரத்துல ரெண்டு மூணு நாள் கிளாஸ் தொடக்கத்துல பத்து நிமிஷம் அமைதியா அவங்களே தேர்ந்தெடுத்ததப் படிக்கட்டும். ரிப்போர்ட் கேக்காதீங்க, க்விஸ் வைக்காதீங்க, புடிக்கலேன்னா பாதில மாத்திக்கலாம்னு சொல்லுங்க. கிராமர் இங்க வரலாம், 7வதுலேர்ந்து ஏன் எதுக்குன்னு அவங்களே கேப்பாங்க, அப்ப நேரா சொல்லுங்க, ஒளிச்சு வைக்கத் தேவையில்ல. ஆனா கடைசி எழுத்த வெச்சு -ஆர் வினை, -ஏர் வினை, -ஈர் வினைன்னு பிரிச்சு ஆறு கட்டம் போட்ட அட்டவணைய நிரப்பத் தெரியறதும் பேசத் தெரியறதும் வேற வேற. அட்டவணைல நூத்துக்கு நூறு வாங்கிட்டு "நேத்து என்ன பண்ண"ன்னு கேட்டா நிக்கிற பசங்க நிறைய பேர்.

இன்னொண்ணு, பேரன்ட்ஸ் கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. மிடில் ஸ்கூல்ல எடுத்தாலும் ஹைஸ்கூல் கிரெடிட்டா போனா அந்த மார்க் டிரான்ஸ்கிரிப்ட்ல ஏறும். டெக்ஸஸ்ல டிப்ளமாவுக்கு ஒரே மொழில ரெண்டு கிரெடிட் வேணும், 8வதுலயே ஒண்ணு முடிச்சிட்டா நல்லதுதான், ஆனா அரைகுறையா ஸ்பானிஷ் 1 தாண்டி 9வதுல ஸ்பானிஷ் 2ல போய் உக்காந்தா அந்தப் புள்ளை ரொம்ப சிரமப்படும். தயாராகாத பையனை பிரின்சிபலுக்காகத் தள்ளி விடாதீங்க.

அடையார் மிஸ்:

நான் சென்னைல ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூல்ல 5வதுலேர்ந்து ஸ்பானிஷ் எடுக்கறேன். உங்க கிளாஸ்ல தமிழ்ப் பசங்க நிறையன்னு சொன்னீங்களே, அதைப் பத்தி மட்டும் சொல்லிடறேன்.

வீட்ல தமிழ் பேசற குழந்தைக்கு ஸ்பானிஷ் உச்சரிப்பு பாதி ஏற்கனவே வாயில இருக்கு. இங்கிலீஷ் மட்டும் பேசற குழந்தை "டெங்கோ"ன்னு காத்து விட்டுச் சொல்லும், நம்ம குழந்தை நாக்கப் பல்லுல வெச்சு "தெங்கோ"ன்னு சொல்லிடும். அஞ்சு உயிர் ஒலியும் நம்மகிட்ட அப்படியே இருக்கு. நீண்ட ஆர் மட்டும் சிலருக்குப் பழகணும், "பெரோ"ன்னா ஆனா, "பெர்ரோ"ன்னா நாய், அது விளையாட்டா பழகிடும்.

அதை விடப் பெரிய லாபம் வாக்கிய அமைப்புல. "மே குஸ்தா"ங்கறதுல இங்கிலீஷ் குழந்தைங்க மாசக்கணக்குல தடுக்கி விழுவாங்க, "யோ குஸ்தோ"ன்னுவாங்க. தமிழ்க் குழந்தைகிட்ட "எனக்குப் பிடிக்கும்"னு நினைச்சுக்கோன்னு சொல்லுங்க, அடுத்த நிமிஷம் சரியா வரும். "எனக்கு வலிக்குது"க்கு "மே துவேலே", அதே அச்சு. வினையோட கடைசில யாருன்னு தெரியறது, அதனால "நான்" "அவன்" சொல்லாமலே பேசறது, நீ-நீங்க வித்தியாசம், எல்லாம் பழக்கமானதுதான். ஆனா பன்மைல கவனம், பிடிச்சது பலவா இருந்தா "குஸ்தான்"னு மாறும், நம்மகிட்ட "பிடிக்கும்" மாறாது. மேஜை பெண்பால், புஸ்தகம் ஆண்பால்ங்கறதுக்கும் தமிழ் உதவாது, "இருக்கு"ங்கறதுக்கு ஸேர், எஸ்தார்னு ரெண்டு வினை இருக்கற குழப்பத்துக்கும் உதவாது. அதுக்கெல்லாம் ஆயிரம் தடவ காதுல விழறது ஒண்ணுதான் மருந்து.

இதை அவங்க பேரன்ட்ஸ் கிட்டயும் சொல்லுங்க. ஸ்பானிஷ் வந்தா தமிழ் போயிடும்னு நினைச்சு வீட்ல இங்கிலீஷுக்கு மாறற குடும்பம் இருக்கு. உண்மைல தமிழ் நல்லா பேசற குழந்தைதான் என் கிளாஸ்ல ஸ்பானிஷ்ல முன்னாடி நிக்குது. அப்புறம் மிடில் ஸ்கூல் பசங்களுக்கு ஒரு இலக்கு வேணும்னா டெலேங்கற ஸ்பானிஷ் மொழித் தேர்வுல 11லேர்ந்து 17 வயசுக்குன்னு தனியா ஏ1ங்கற தொடக்க லெவல் இருக்கு, எங்க பசங்க அதை எழுதறாங்க. கட்டாயப்படுத்தாதீங்க, ஆசைப்படறவங்க எழுதட்டும்.

ஸ்பானிஷ் மிஸ், டாலஸ் பக்கம்:

எல்லாருக்கும் மனசார நன்றி. உக்காந்து ரெண்டு தடவ படிச்சு நோட்ல எழுதிக்கிட்டேன். 5வதுலேர்ந்து 6வதுக்கு அந்த ஒரு பக்கம் எழுதற யோசனைய கண்டிப்பா பண்ணப் போறேன், வாத்தியார் சார்.

ஹூஸ்டன் அக்கா, இன்னும் ஒண்ணு மட்டும். ஸ்கூல்ல பண்டிகை எல்லாம் பெருசா பண்ணணும்னு எதிர்பாக்கறாங்க, நவம்பர்ல இறந்தவங்கள நினைக்கிற தியா தே முவெர்தோஸ், மிட்டாய் நிரப்பி அடிச்சு உடைக்கிற பின்யாதா, பேப்பர் தோரணம், பேரன்ட்ஸ் முன்னாடி பாட்டு. அதை எப்படி சமாளிக்கிறீங்க? அப்புறம் பிங்கோ மாதிரி பட அட்டை வெச்சு ஆடற லோத்தேரியா விளையாட்டு சின்னப் பசங்களோட ஆடலாமா?

ஹூஸ்டன் டீச்சர்:

பண்டிகை பண்ணுங்க மா, கட்டாயம் பண்ணுங்க, அந்தக் குடும்பங்களுக்கு அது உயிர். ஆனா பேப்பர் வெட்டறதுலயே ரெண்டு வாரம் போயிடும், அதுவும் முழுக்க இங்கிலீஷ்ல, "மிஸ் கத்தரிக்கோல் எங்க"ன்னு. 36 மணில ரெண்டு மணி அது. ஆர்ட் டீச்சர்கிட்ட பேசி தோரணத்த அவங்க பீரியட்ல பண்ண வையுங்க, நீங்க இறந்தவங்களுக்குப் படையல் வைக்கிற ஓஃப்ரெந்தா மேடைல என்ன இருக்குன்னு ஸ்பானிஷ்ல பேசுங்க. போட்டோ இருக்கு, ரொட்டி இருக்கு, செம்பஸூச்சில் பூ இருக்கு, அதாவது நம்ம துலுக்க சாமந்தி, அதைப் பாத்ததும் நம்ம பசங்க அவங்க வீட்டு பூஜையப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுவாங்க. "பாட்டிக்கு காஃபி பிடிக்கும்", "தாத்தாவுக்கு இட்லி பிடிக்கும்"னு லே குஸ்தாவ வெச்சே ஒரு கிளாஸ் முழுக்க ஓடும். மெக்ஸிகோ குடும்பத்துல ஒரு அம்மாவையோ பாட்டியையோ வந்து பத்து நிமிஷம் பேசச் சொல்லுங்க, அந்தக் குழந்தை அன்னிக்கு நிமிர்ந்து உக்காந்திருக்கும். கேட்டுட்டு மட்டும் கூப்பிடுங்க, எல்லாக் குடும்பமும் இதைக் கொண்டாடறதில்ல, சர்ச் பழக்கத்தால வேண்டாம்னு நினைக்கறவங்களும் இருக்காங்க.

பேரன்ட்ஸ் முன்னாடி மனப்பாடப் பாட்டுக்குப் பதிலா நம்ம யானைக் கதைய நடிக்க வையுங்க. நடிக்கறவங்க நாலு பேர், மத்தவங்க கதை சொல்வாங்க, நடுவுல நீங்க பேரன்ட்ஸ் பக்கம் திரும்பி "யானைக்கு என்ன வேணும்"னு ஸ்பானிஷ்ல கேளுங்க, அவங்களுக்கே பதில் தெரியும். புள்ளை என்ன கத்துக்குதுன்னு அதுக்கு மேல விளக்கவே வேணாம்.

லோத்தேரியா தாராளமா ஆடலாம், 1வதுலேர்ந்தே. மொத்தம் 54 அட்டை, நாலுக்கு நாலு கட்டம் போட்ட பலகை, மேல வைக்க பீன்ஸ். கடைல வாங்கற பழைய செட்ல குடிகாரன், பிசாசு, மரணம்னு படம் இருக்கும், மக்களோட நிறத்தையும் இனத்தையும் வெச்சுப் பேரு போட்ட அட்டையும் ரெண்டு இருக்கும், அதெல்லாம் முதல்லயே எடுத்துடுங்க. சின்னதுங்களுக்கு 54ம் வேணாம், எல் காயோ, எல் சோல், லா லூனா, எல் ஆர்போல், லா எஸ்த்ரேயா, அதாவது சேவல், சூரியன், நிலா, மரம், நட்சத்திரம்னு கதைல வரக்கூடியதா ஒரு பன்னெண்டு எடுத்து நீங்களே மூணுக்கு மூணு கட்டமா பிரின்ட் பண்ணிக்கோங்க. பேரை மட்டும் கூப்பிடாதீங்க, அது மறுபடி பெயர்ச்சொல் பட்டியல் ஆயிடும். "காலைல கத்தும், ரெண்டு கால் இருக்கு"ன்னு ஸ்பானிஷ்ல துப்பு குடுங்க, அவங்க தேடிக் கண்டுபிடிச்சு பீன்ஸ் வைக்கட்டும். மூணாவது தடவ ஆடும்போது துப்பு குடுக்கற வேலைய பசங்ககிட்டயே விட்டுடுங்க. பீன்ஸ மட்டும் கின்டர் பசங்க கைல குடுக்காதீங்க, மூக்குல போட்டுக்குவாங்க, அவங்களுக்கு பெரிய பட்டன் வாங்கிக்கோங்க.